சாப்பாட்டு வேளைக்கு அப்பா போட்ட மார்க்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை. முதல் தடவை படித்தபோது வந்த கோபத்தில் எழுதியிருந்தால் நீ இந்த ஜென்மத்தில் இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாய். உன் அம்மாவின் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க "நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ்" என்று தேனொழுகப் பேசிவிட்டு, அடக்கி வைத்த காரத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து உங்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டுகிறவள்தானே நான். அதனால் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். இப்போது முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தக் கடிதத்தில் அங்கங்கே தலைகாட்டும், பொறுத்துக்கொள்.

வசந்தி வீட்டில் நிச்சயத்துக்கு நாள் கேட்கிறார்கள், நீ வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாய், காரணம் எதுவும் சொல்ல மாட்டாய், உன்னை மோசமானவன் என்று நினைத்துவிட்டுப் போகட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு வந்திருக்கும் நோய் உனக்கும் வரலாம் என்பதுதான் உன் காரணம். அது பொய்யில்லை. மெட்ராஸில் ஹண்டிங்டன் நோய் என்று பெயர் சொன்ன அன்றே பெரிய டாக்டர் அதையும் சொல்லிவிட்டார், பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதும் வராமல் போவதும் பாதிக்குப் பாதி என்று. அதை உன்னிடம் மறைக்காமல் சொன்னவளே நான்தான். ஆகையால் பயப்படாதே என்று சொல்ல நான் உட்காரவில்லை. பயம் இருக்கத்தான் செய்யும். என் கோபமெல்லாம் நீ அதற்கடுத்து எழுதிய வரிகள் மேல்தான். "போன தடவை வந்தபோது அப்பா சாப்பிடுவதைப் பார்த்தேன். அப்படி ஒரு வாழ்க்கைக்கு மார்க் போடச் சொன்னால் பூஜ்யம்தான் போடுவேன். அந்தப் பூஜ்யத்துக்குள் வசந்தியைக் கொண்டுவந்து உட்காரவைக்க மாட்டேன்." நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதியிருக்கிறேன், சரிதானே? மார்க் என்று எழுதினாய் பார், அதுதான் வேடிக்கை. போன மாதம் ஒரு டாக்டர் நம் வீட்டுக்கே வந்து அந்த மார்க்கைப் போட்டுவிட்டுப் போனார். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது.

உனக்கு நினைவில் இருப்பது பாதி அப்பாதான். நான் பார்த்த அப்பா செஞ்சிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கீழ்பென்னாத்தூர் சந்தை நாளில் அந்த பஸ்ஸில் காலை எடுத்தால் திரும்ப வைக்க இடமிருக்காது. கோழிக்கூடை, மல்லாட்டை மூட்டை, கைக்குழந்தை எல்லாவற்றையும் தாண்டி, எதையும் மிதிக்காமல், கம்பியைக்கூடப் பிடிக்காமல் பின் வாசலிலிருந்து முன் வாசலுக்குப் போவார். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ளதான் காத்து ஜாஸ்தி" என்பார். மூச்சுவிட இடமில்லாத ஜனங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷர், நீ ஐந்தாவது படிக்கும்போது, நேராக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஒரு அம்மாளின் மடியில் போய் விழுந்தார். இன்னொரு நாள் டிக்கெட் கட்டு கையிலிருந்து பறந்து ரோட்டில் விழுந்தது. தோள் தானாகத் துள்ளும். விரல்கள் சும்மா இருக்காது. சிரித்தே காரியம் முடிக்கிறவர் பயணிகளோடு கைகலப்பு வரைக்கும் போனார். முதலாளி கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னார். அப்பா சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை, ஊதிக் காட்டினார். வாடை வராத சரக்கு போலிருக்கிறது என்று சொல்லி அன்றோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அப்பா என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "குடிச்சிருந்தாலாவது காலைல தெளிஞ்சிருக்கும்."

அதற்கப்புறம்தான் அவர் ஊருக்குப் போய் சொந்தக்காரர்களைப் பிடித்து உலுக்கினேன். அவருடைய அப்பாவும் கடைசிக் காலத்தில் கை கால் ஆடிக்கொண்டேதான் கிடந்தார் என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்கள். பாம்பு அடித்த பாவம் என்றார் ஒருவர். குலசாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குத்தம் என்றார் இன்னொருவர். கல்யாணம் பேசும்போது ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டைக்குப் போக, அப்பாவின் அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?" என்று கேட்டார். எனக்கு இன்று வரை அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. வந்திருப்பேன் என்று சத்தியம் செய்தால் பொய். வந்திருக்க மாட்டேன் என்றாலும் பொய்தான், அந்த வயதில் அவர் சிரிப்பை நீ பார்த்ததில்லை. ஆனால் என்னைக் கேட்டிருக்க வேண்டும், கண்ணு. வாழப் போகிறவள் நான், பதில் சொல்ல வேண்டியவளும் நான். எனக்குப் பதிலாக அவர்களே ஒரு பதிலை வைத்துக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டார்கள். வசந்திக்கு நீ செய்யப் போவதும் அதேதான். அவர்கள் கல்யாணம் நடக்கட்டும் என்று மறைத்தார்கள், நீ நடக்க வேண்டாம் என்று மறைக்கிறாய். நடுவில் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்க உங்கள் வம்சத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இதோ, கால்வாசி கோபம் தலைகாட்டிவிட்டது, விடு.

டவுனில் தேரடித் தெருவில் அவர் நடந்தால் பின்னாலிருந்து குடிகாரன் என்று பசங்கள் கத்தினார்கள். அதற்காகத்தான் அடி அண்ணாமலைக்கு வீடு மாற்றினோம். மலை சுற்றுகிற பாதையிலேயே வீடு. எனக்கு எக்ஸ்சேஞ்ச் போக பஸ் கிடைப்பது திண்டாட்டமாக இருந்தாலும், அவருக்கு வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார இடம் கிடைத்தது. அந்த வருஷத்துச் சித்ரா பௌர்ணமியை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சொல்லாவிட்டாலும் உனக்கு முகம் சுருங்கியிருக்கும் இப்போது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம் நம் வாசலில் நின்றுவிட்டது. இந்த ஊரில்தான் யார் சித்தர், யார் பித்தர் என்று யாருக்கும் தெரியாதே. மரத்தடியில் ஒரு மனுஷர் தாடியோடு உட்கார்ந்து கையை வீசுகிறார், முகத்தைக் கோணுகிறார், புரியாத வார்த்தை பேசுகிறார். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு அம்மாள் தடாலென்று காலில் விழுந்தாள். வேண்டாம் எழுந்திரு என்று சொல்ல அப்பா கையை நீட்ட, அந்தக் கை துள்ளிப் போய் அவள் தலையில் பொத்தென்று இறங்கியது. அவ்வளவுதான், ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது. வாழைப்பழம், தேங்காய், கற்பூரம் என்று வரிசை கட்டிவிட்டார்கள். நீ வெளியே ஓடிவந்து, அவர் சாமியார் இல்லை, எங்கள் அப்பா, உடம்பு சரியில்லை என்று கத்தினாய். சின்ன சாமிக்குக் கோபம் வந்துவிட்டது என்று உன் காலிலும் இரண்டு பேர் விழுந்தார்கள். நீ உள்ளே ஓடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய்.

எனக்கு அன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உனக்கு அது எப்படியிருந்தது என்று இப்போது யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது, பதினாலு வயசுப் பையனுக்கு அது வேடிக்கையா? அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட நீ தொடவில்லை. ஆனால் நீ தாழ்ப்பாள் போட்டபிறகு வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. கூட்டமெல்லாம் போனதும் அப்பா என்னைப் பார்த்து, வாய் குழறக் குழற, "இவ்ளோ கூட்டத்தை வச்சிக்கினு ஒரு டிக்கெட்கூட போடாம வுட்டுட்டனே" என்றார். வேலை போன பிறகு அவர் பஸ்ஸைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த நாளை நீ அவமானக் கணக்கில் வைத்திருக்கிறாய். அவர் அதைத் தன் நல்ல நாட்களில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எல்லாவற்றையும் சிரிப்பாக்குகிறேன் என்று நினைக்காதே. நீ ஹாஸ்டலில் இருந்த வருஷங்களில் இந்த வீட்டில் நடந்ததை நான் உனக்குப் பாதிதான் எழுதினேன். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க எந்த ஆம்பிளையோடு பேசிவிட்டு வருகிறாய் என்று கேட்பார். அதற்குமேல் அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். நோய்தான் அப்படிப் பேச வைக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள், சரி. ஆனால் காதில் விழுகிறபோது அது உன் அப்பாவின் குரலாகத்தானே இருக்கிறது. ரேடியோவைத் தூக்கிப் போட்டு உடைத்தார். ஒரு நாள் சாதத் தட்டு என் முகத்துக்கு நேராக வந்தது. அதுவாகத் துள்ளிய கையா, கோபத்தில் எறிந்த கையா என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அன்று பின்கட்டில் போய் உட்கார்ந்து, இப்படியே எழுந்து பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்திருக்கிறேன். மருந்து கொடுத்தபிறகு அந்தக் கோபம் தணிந்தது. ஆட்டம் தணியவில்லை.

போன மாதம் வந்த டாக்டர் சின்னப் பெண்தான், உன்னைவிட நாலைந்து வயசு கூட இருப்பாள். மெட்ராஸில் மேல்படிப்பு படிக்கிறாள். அப்பாவைப் போன்றவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்க்கிறாளாம். வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். இதுவரை பார்த்த டாக்டர்களெல்லாம் நாக்கை நீட்டு, விரலைத் தட்டு, கோட்டின்மேல் நட என்று சொல்லி, போன தடவைக்கு இப்போது என்ன குறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனவர்கள். இவள் அதெல்லாம் செய்யவில்லை. "நோய் எவ்ளோ இருக்குன்னு அளக்கறதுக்கு வழி இருக்கும்மா. நோயோட இருக்கறவங்க எப்படி வாழறாங்கன்னு அளக்கறதுக்குத்தான் சரியா ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் கேள்வி தயார் பண்ணிக்கிட்டு வந்திருக்கேன்" என்றாள். நடை, பேச்சு, தூக்கம், சாப்பாடு, மனசு, அக்கம்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். முதலில் என்னை, அப்புறம் அவரை, தனித்தனியாகக் கேட்பேன் என்றாள்.

சமையல்கட்டில் உட்கார்ந்து அப்பாவின் வாழ்க்கைக்கு நான் மார்க் போட்டேன். நடைக்கு இரண்டு, அதுவே தாராளம். பேச்சுக்கு ஒன்று. சாப்பாடு என்று அவள் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, பூஜ்யம் என்றேன். ஆமாம், நீ போட்ட அதே பூஜ்யம். ஒவ்வொரு வேளையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. சாதத்தைக் குழைத்து, ரசத்திலோ தயிரிலோ பிசைந்து, சின்னச் சின்னதாக ஊட்ட வேண்டும். தலை ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், வாய்க்குப் போகிறது பாதி, சட்டைக்குப் போகிறது பாதி. அவசரப்பட்டால் புரையேறிவிடும், கண் மேலே செருகிவிடும். அவர் முழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த வாய். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். உள்ளே இறங்கிவிட்டால் அவர் பஸ்ஸில் சொல்வது போல "ரைட்" என்பார், நான் அடுத்ததைக் கொடுப்பேன். இறங்கவில்லை என்றால் "ஹோல்டான்" என்பார், நான் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும். இதையெல்லாம் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். முடிந்தது என்று எழப் போனேன். "உக்காருங்கம்மா, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவருக்குத்தான் சொல்லிவிட்டேனே என்றேன். அவருக்கு இல்லை, உங்கள் வாழ்க்கைக்குத்தான் கேட்கிறேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கிப் போகிற வரைக்கும் அழுதேன். அந்த மார்க் என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன், அது எனக்கும் அவளுக்கும் நடுவில்.

அப்புறம் வேப்பமரத்தடியில் அப்பாவின் முறை. நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றாள் டாக்டர், இருந்தால் எனக்குப் பிடித்த மாதிரிதான் பதில் சொல்வாராம். சரியென்று உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து கூப்பிட்டாள், அவர் பேசுவது ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரியும். இடி மழையில் இரைச்சலாக வருகிற வெளியூர் டிரங்க் காலில் அரை வார்த்தையைக் கேட்டு முழு வார்த்தையைப் பிடிக்கிற காது இது. லைன் மோசமாக இருந்தால் அந்தப் பக்கம் சொல்வதை ஆபரேட்டர் கேட்டு இந்தப் பக்கம் சொல்வோம், சாவுச் செய்தியாக இருந்தாலும் சரி, குழந்தை பிறந்த செய்தியாக இருந்தாலும் சரி. அதற்கு ஒரே ஒரு விதிதான். கேட்டதைச் சொல்ல வேண்டும், உன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அப்படியே சொல்கிறேன் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நடைக்கு எத்தனை என்று கேட்டாள். "பத்து" என்றார். முந்தின நாள்தான் கிணற்றடியில் விழுந்து முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. சிரிப்பையும் கோபத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, பத்து என்கிறார் என்று சொன்னேன். பேச்சுக்கு ஒன்று. அதில் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். வெளியில் ஜனங்கள் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டதற்கு, பௌர்ணமியில் கேட்கிறீர்களா, மற்ற நாளில் கேட்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். ஏன் என்றதும் சித்ரா பௌர்ணமிக் கதை முழுவதையும் சொல்லி, அதை நான் ஒரு வரி விடாமல் எடுத்துச் சொல்லி, அந்தப் பெண் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சாப்பாடு. நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பத்து" என்றார். சரியாகக் காதில் விழுந்ததா என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் "பத்து". அரை மணிக்கு முன்னால் பூஜ்யம் என்று சொன்ன அதே வாயால், சாப்பாட்டுக்குப் பத்து என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏன் பத்து என்று அவரைக் கேட்டாள்.

அவர் அதைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நின்று நின்று, எச்சில் துடைத்துத் துடைத்து, வார்த்தை வார்த்தையாக வந்தது. நான் சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அன்று சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். "மத்த நேரத்துல அவ வேலைக்கு ஓடுவா, அடுப்புக்கு ஓடுவா, துணி தொவைக்க ஓடுவா. அப்ப மட்டும் எங்கயும் போவ மாட்டா. என் மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்திருப்பா. நான் ரைட்னாதான் போவா, ஹோல்டான்னா நிப்பா. அந்த நேரத்துல நான்தான் கண்டக்டர்."

டாக்டர் கிளம்பும்போது கேட்டேன், இரண்டு பேர் மார்க்கும் இப்படி எங்கேயோ எங்கேயோ இருக்கிறதே, இதில் எது சரி என்று. இந்த நோயில் தனக்கு என்ன குறைந்துபோயிற்று என்பதே சிலருக்குத் தெரியாமல் போகும், நடைக்கு அவர் பத்து போட்டது அந்த மாதிரி இருக்கலாம் என்றாள். அப்படியானால் சாப்பாட்டுக்குப் போட்டதும் அந்த மாதிரிதானோ என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாள். கூட இருக்கிறவர்கள் சொல்வது அவர்கள் படுகிற கஷ்டத்தையும் சேர்த்துத்தான், அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கிழித்துப் போட முடியாது, இரண்டையும் எழுதிக்கொண்டு போகிறேன் என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நான் யோசித்துப் பார்த்தேன். நடைக்கு ஏன் பத்து என்று கேட்டிருந்தால் அவரால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. சாப்பாட்டுக்கு ஏன் என்று கேட்டதற்கு, என் ஓட்டம், என் அடுப்பு, என் துணி எல்லாவற்றையும் பார்த்துவைத்திருந்து சொல்கிறார். அது தெரியாமல் சொன்ன பதில் இல்லை. என் பூஜ்யமும் பொய்யில்லை, என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். ஆனால் அன்றிலிருந்து, தட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்காரும்போது எனக்குப் பழைய மாதிரி இல்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. மறைக்காதே என்று உனக்கு இவ்வளவு பேசிவிட்டு நான் மறைத்தால் நன்றாக இருக்காது. இந்த நோயில் உங்களுக்கு எது ரொம்பப் பாரமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டாள். விழுவதைச் சொல்வார், புரையேறுவதைச் சொல்வார், இல்லையென்றால் வேலை போனதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். "பையன்" என்றார். நீ வருவதில்லை என்று குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அது இல்லை. "போன தடவ வந்தப்ப, நான் சாப்புடறப்ப எதிர்ல உக்காந்திருந்தான். என்ன பாக்கல. அவன் கையவே பாத்துக்கினு இருந்தான், வெரல் ஆடுதான்னு." எக்ஸ்சேஞ்சில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாவை என் வாயால் சொல்லியிருக்கிறேன், குரல் உடைந்ததில்லை. அன்று லைன் கட்டாகிவிட்டது, கண்ணு. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னேன்.

உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் பார். அப்பா சாப்பிடுவதைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ பார்க்கவில்லையடா. எதிரில் உட்கார்ந்து உன் கையைப் பார்த்தாய். பார்க்காத ஒன்றுக்கு மார்க் போட்டு, அதை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கும் நீயே முடிவெழுதுகிறாய். உன்மேல் தப்பில்லை, அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. நீ சின்ன வயதில் டம்ளரைக் கை தவறிப் போட்டால்கூட எனக்கு நெஞ்சு நின்றுவிடும். ஆனால் அந்தப் பயத்தோடு நீ தனியாக உட்கார்ந்து உன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்றால், நோய் வந்தாலும் வராவிட்டாலும் அது உன்னைப் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அதனால் ஒன்று செய். முதலில் வசந்தியிடம் எல்லாவற்றையும் சொல், ஒன்றையும் குறைக்காமல். குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது வரைக்கும் பேசுங்கள். அவள் வேண்டாம் என்றால் அது அவள் பதில், நாம் தலை வணங்குவோம். யோசிக்கிறேன் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. எப்படியானாலும் நீ வந்தாக வேண்டும். பௌர்ணமிக்கு மட்டும் வராதே, பஸ்ஸில் இடம் கிடைக்காது, அப்பாவுக்கும் பக்தர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும். வந்து, ஒரு வேளை மத்தியானச் சாப்பாட்டை நீ அவருக்கு ஊட்டு. நான் சொல்லித் தருகிறேன். சின்னக் கவளம். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ரைட்டா ஹோல்டானா என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த நேரம் முழுக்க உன் கையைத் திரும்பிப் பார்க்க உனக்கு ஒழிவு இருக்காது. சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்து மார்க் போடு. அப்போதும் பூஜ்யம் என்றால் போட்டுக்கொள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

நீ வருகிறாய் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எந்த பஸ் என்று கேட்கிறார்.

உன் அம்மா